மலையகத்துப் பௌதிகவியல் மாணவர்களுக்குப் புவிப்பௌதிகவியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்து, இப்போது மலைச்சரிவுகளில் கம்பி இழுத்து நிலத்தை அளக்கிற வேலை செய்கிறேன். ஹட்டன், பண்டாரவளைப் பக்கப் பாடசாலைகளுக்குப் பேசப் போகும்போது பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கிற கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். அவற்றுக்கு நிதானமாக, பதில் சொல்ல முடிந்த அளவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இப்படி ஒரு பாடத்தின் பெயரையே கேள்விப்பட்டதில்லை. புவிப்பௌதிகவியல் என்றால் என்ன?

பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே பழமா காயா என்று வீட்டில் ஆயா சொல்லிவிடுவார். வெட்டிப் பார்ப்பதில்லை, சத்தத்தை வைத்துச் சொல்கிறார். நாங்கள் நிலத்தை அப்படித் தட்டிப் பார்க்கிறோம். மின்சாரம், அதிர்வு, புவியீர்ப்பு, காந்தம் என்று நீங்கள் வகுப்பில் படிக்கிற அதே விஷயங்களை வைத்து, தோண்டாமலே உள்ளே பாறை எத்தனை மீற்றரில் இருக்கிறது, தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது, வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லப் பார்க்கிறோம்.

புவிச்சரிதவியல் இதன் கூடப்பிறந்தது. அவர்கள் பாறையைக் கையில் எடுத்து, உடைத்து, அதன் வரலாற்றைப் படிக்கிறார்கள். நாங்கள் கண்ணுக்குத் தெரியாததை அளக்கிறோம். களத்தில் இரண்டு பேரும் ஒரே வேனில்தான் போவோம்.

நாங்கள் படிக்கிற உயர்தரப் பௌதிகவியல் இதில் எங்கே வருகிறது?

எல்லா இடத்திலும் வருகிறது. மீற்றர் பாலத்தையும் அழுத்தமானியையும் வைத்து ஒரு கம்பியின் தடைத்திறன் கண்டுபிடிக்கிறீர்கள் அல்லவா? கம்பிக்குப் பதிலாக ஒரு மலையை வையுங்கள். ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில் நான்கு இரும்புக் கூர்களை மண்ணில் அடிப்போம். வெளியே இருக்கும் இரண்டின் வழியாக மின்னோட்டத்தைச் செலுத்தி, உள்ளே இருக்கும் இரண்டுக்கும் நடுவே அழுத்த வேறுபாட்டை அளப்போம். அழுத்த வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை. அதை 2 பை (2π) மடங்காக்கி, கூர்களுக்கு இடைப்பட்ட தூரத்தாலும் பெருக்கினால் நிலத்தின் தடைத்திறன் வந்துவிடும். அந்த 2 பை எங்கிருந்து வந்தது? நிலத்துக்குள் இறங்கும் மின்னோட்டம் அரைக்கோளமாக விரிகிறது. அரைக்கோளத்தின் பரப்பை எழுதித் தொகையீடு செய்து பாருங்கள், அரைப் பக்கத்தில் முடியும் கணக்கு. முதல் தடவை அதைச் செய்து முடித்த அன்று நான் தூங்கவில்லை.

நனைந்த களிமண்ணின் தடைத்திறன் சில பத்து ஓம் மீற்றர்தான் இருக்கும். நம் மலையின் அடியில் கிடக்கும் வெடிப்பில்லாத கடும்பாறைக்கு அது ஆயிரக்கணக்கில் போகும். இந்தப் பெரிய வித்தியாசம்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. கூர்களை அகற்றி அகற்றி வைத்தால் மின்னோட்டம் இன்னும் ஆழத்துக்குப் போய் வரும். அப்படியே ஒரு சரிவின் குறுக்குவெட்டுப் படத்தை எடுத்துவிடலாம்.

அடுத்தது ஒளிமுறிவு. ஸ்நெல்லின் விதியும் அவதிக் கோணமும் கண்ணாடிக் குற்றியோடு முடிந்துவிடுவதில்லை. நிலத்தில் ஓர் இரும்புத் தட்டை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் அதிர்வு உள்ளே போகும். இளகிய மேல்மண்ணில் அது செக்கனுக்குச் சில நூறு மீற்றர் வேகத்தில் ஓடும். கடும்பாறையில் 4000, 5000 மீற்றர் என்று பறக்கும். அவதிக் கோணத்தில் பாறையைத் தொட்ட அலை, பாறையின் மேல்விளிம்பை ஒட்டியே ஓடி மறுபடி மேலே வரும். சுற்றிப் போனாலும் பெருந்தெருவில் வேகமாகப் போனவன் முந்திவிடுகிற மாதிரி, தூரத்தில் வைத்த உணரிகளுக்கு அந்த அலைதான் முதலில் வந்து சேரும். நேரத்தையும் தூரத்தையும் வரைபாக்கி, கோடு முறிகிற இடத்தைப் பார்த்தால் பாறையின் ஆழம் தெரிந்துவிடும்.

எளிய ஊசலில் நீங்கள் காணும் ஈர்ப்பு ஆர்முடுகலைப் பத்துக் கோடியில் ஒரு பங்கு வித்தியாசம்வரை அளக்கிற கருவிகள் இருக்கின்றன. அடியில் குகை இருந்தால் அந்த எண் கொஞ்சம் குறையும். காந்தம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். காந்த மத்திய கோடு நமக்கு அருகில் போவதால், இலங்கையில் காந்த ஊசி ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். பாடப்புத்தகத்து அமிழ்வுக் கோணம் நம் ஊரில் கிட்டத்தட்ட சுழி.

மலை ஏன் சரிகிறது? மழைத் தண்ணீரின் பாரத்தாலா?

பாரமும் ஒரு பங்குதான். முக்கியமான காரணம் வேறு. சாய்தளத்தில் ஒரு மரக்குற்றி வைத்த கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே இழுப்பது நிறையின் ஒரு கூறு. தடுத்து நிறுத்துவது உராய்வு. உராய்வின் எல்லை செவ்வன் மறுதாக்கத்தைப் பொறுத்தது. இப்போது குற்றிக்கும் தளத்துக்கும் நடுவே தண்ணீர் புகுந்து, அமுக்கத்தோடு மேல்நோக்கித் தள்ளுகிறது என்று வையுங்கள். செவ்வன் மறுதாக்கம் குறையும், உராய்வும் குறையும். குற்றியின் நிறை மாறவில்லை, தளத்தின் கோணம் மாறவில்லை, ஆனாலும் வழுக்கும். மண் துணிக்கைகளுக்கு நடுவே ஏறுகிற இந்த நீரமுக்கம்தான் பெரும்பாலான மண்சரிவுகளின் கதை. அதனால்தான் மழை பெய்துகொண்டிருக்கும்போது மட்டுமல்லாமல், மழை விட்ட பிறகும் சில சரிவுகள் இறங்குகின்றன. தண்ணீர் உள்ளே போய்ச்சேர நேரம் எடுக்கிறது.

இது புரிந்தால் தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டுகிற வேலைக்கு இருக்கும் மதிப்பும் புரியும். அடைபட்ட கான் ஒன்று மழைத் தண்ணீரை மலைக்குள் அனுப்புகிறது. வட்டவளையில் ரயில் பாதையைத் தள்ளிக்கொண்டு நகர்ந்த சரிவை 1990களில் கட்டுப்படுத்தியபோதும், அடிப்படை வைத்தியம் நிலத்துக்குள் துளையிட்டுத் தண்ணீரை வடிய விட்டதுதான்.

ஒரு நாள் களவேலை எப்படி இருக்கும்?

விடியக் கிளம்புவோம். பன்னிரண்டு வோல்ட் கார் பெற்றறி ஒன்று, கேபிள் உருளைகள், 48 இரும்புக் கூர்கள், இரண்டு சுத்தியல், உப்புத் தண்ணீர்ப் போத்தல்கள். அப்புறம் அட்டைக்குச் சவர்க்காரமும் உப்பும். வாகனம் நிற்கிற இடத்திலிருந்து எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஏறவேண்டும். ஐந்து மீற்றருக்கு ஒன்றாக 48 கூர்களை அடித்தால் 235 மீற்றர் கோடு. காய்ந்த மண்ணில் கூர் சரியாகத் தொடாது, அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றுவோம். மழை வந்தால் எல்லாவற்றையும் மூடிவிட்டு நிற்க வேண்டியதுதான்.

ஒரு நாளை இன்னும் மறக்கவில்லை. ஒரு தோட்டத்தில், லயத்துக்கு மேலே இருந்த சரிவை அளக்கப் போயிருந்தோம். கோட்டை எங்கே போடுவது என்று வரைபடத்தை விரித்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது, இடுப்பில் படங்கு கட்டிய ஓர் அம்மா கொழுந்துக் கூடையோடு வந்து நின்றார். அறுபது வயதிருக்கும்.

"என்னா தம்பி, கரண்டு கம்பம் நடப் போறீங்களா?"

இல்லை அம்மா, மலைக்குள்ளே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறோம் என்றேன்.

"அத பாக்க இம்புட்டு கம்பியா? அந்தா தெரியுதுல்ல கல்லு, அதுக்கு கீழ நாலு நெர எப்பவுமே சதசதன்னுதான் கெடக்கும். வெயில் காலத்துலயும் காலு பொதையும். நா பேரு பதிஞ்ச நாள்லேருந்து அப்படித்தான்."

கோட்டை இருபது மீற்றர் கீழே இறக்கிப் போட்டோம். மாலையில் மடிகணினியில் படம் விரிந்தபோது, சரியாக அந்த நாலு நிரைக்கு அடியில், எட்டு மீற்றர் ஆழத்தில், தடைத்திறன் சடாரென்று விழுந்த ஓர் இடம் நீல நிறத்தில் கிடந்தது. தண்ணீர் தேங்கிய களி. அந்த அம்மா முப்பது நாற்பது வருடமாகக் காலால் அளந்து வைத்திருந்ததை நாங்கள் ஒரு நாளில் கருவியால் அளந்தோம். அவருக்கு ஆழம் தெரியாது, எங்களுக்கு இடம் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கக்கூடியவர் யார்? அந்த நிரையில் கொழுந்து எடுக்கிற தாயின் பிள்ளை, பௌதிகவியல் படித்தால், இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும். நான் பாடசாலை பாடசாலையாகப் போவது இதற்காகத்தான்.

மீரியபெத்தையில் முன்பே எச்சரித்திருந்தார்களாமே. எச்சரித்தும் ஆட்கள் செத்துப்போனார்கள் என்றால் இந்தப் படிப்பால் என்ன பிரயோசனம்?

பதுளையில் ஒரு மாணவி கேட்டது இது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் சொல்லியிருந்தது. ஆக, அளவீட்டில் பிழையில்லை. அளந்ததற்கும் ஆட்கள் இடம் மாறுவதற்கும் நடுவே இருந்த தூரம்தான் உயிர்களை எடுத்தது.

அந்தத் தூரம் எதனால் ஆனது என்று தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். லயம் இருக்கும் நிலம் நம்முடையதில்லை. எழும்பிப் போ என்றால் எங்கே போவது? வேலை அந்த மலையோடு கட்டியிருக்கிறது, பிள்ளையின் பாடசாலையும் அங்கேதான். மாற்றுக் காணி யார் தருவார், எப்போது தருவார்? அதோடு, ஓர் அறிக்கையில் வரும் "உயர் அபாய வலயம்" என்ற சொல் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நிற்கிற ஒருவருக்கு என்ன சொல்கிறது?

எண்ணைப் புரிந்தவரும் லயத்தின் நிலைமையைப் புரிந்தவரும் ஒரே ஆளாக இருந்தால் அந்தத் தூரம் குறையும் என்று நான் நம்புகிறேன். படத்தை அவர்கள் முன்னால் விரித்து, "இந்தா, உங்கள் தண்ணீர்ப் பீலிக்கு மேலே இருக்கிற இந்த இடம்தான்" என்று நம் பேச்சில் சொல்லும்போது கேட்பவர் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அதே ஆள் அலுவலகக் கூட்டத்தில், "இவர்களுக்குக் காணி கொடுக்காமல் வெறும் கடிதம் கொடுத்தால் போகமாட்டார்கள்" என்று எண்களோடு பேசவும் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் மறுபடி சரிந்தன. வேலை இன்னும் முடியவில்லை, ஆட்கள் போதவில்லை.

மண்சரிவு மட்டும்தானா?

இல்லை. நம் சுற்றுவட்டாரத்திலேயே எத்தனையோ இருக்கின்றன.

உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கம் தோண்டியபோது, 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் தண்ணீர் பாய்ந்தது. பிறகு பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை, குடம் எடுத்துக்கொண்டு அலைந்தவர்கள் அவர்கள். நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளின் வழியே எப்படி ஓடுகிறது என்பதைத் தோண்டுவதற்கு முன்பே அறிய முயல்வது எங்கள் துறையின் வேலைகளில் ஒன்று.

பலாங்கொடைப் பக்கத்தில் சமனலவெவ நீர்த்தேக்கம் 1992-ல் நிரம்பும்போதே கசியத் தொடங்கியது. வலது கரையின் சுண்ணக் கற்பாறையில் இருந்த பொந்துகளும் வெடிப்புகளும்தான் காரணம். பின்னால் எவ்வளவோ மண் கொட்டி அடைக்கப் பார்த்தும் கசிவு நிற்கவில்லை.

2020 ஓகஸ்ட் 29 இரவில் திகன, விக்டோரியா நீர்த்தேக்கப் பக்கத்தில் சின்ன நில அதிர்வு வந்தது. பிறகு இன்னும் சில. சேதம் பெரிதாக இல்லாவிட்டாலும், இலங்கையில் பூமி அதிராது என்ற நம்பிக்கை அன்று ஆட்டம் கண்டது. அதற்கருகே பல்லேகலையில் இருக்கும் நில அதிர்வு நிலையம் ஓர் உலக வலையமைப்பின் பகுதி. 2004 டிசம்பர் 26 சுமாத்திரா அதிர்வின் அலை பாறை வழியாகச் சில நிமிடங்களில் நம் மலைநாட்டைக் கடந்தது. கடல் அலை கிழக்குக் கரைக்கு வர ஏறத்தாழ 2 மணி நேரம் எடுத்தது. அந்த 2 மணி நேரத்தை என்னால் ஒருபோதும் சும்மா கடந்துபோக முடிவதில்லை.

குழாய்க்கிணறு போட இடம் பார்ப்பது, போகலைக் காரீய (கிராபைட்) சுரங்கம் போன்ற இடங்களில் கனிமம் தேடுவது, வீடமைப்புக்குக் காணி பொருத்தமா என்று பார்ப்பது, இவையெல்லாம் அன்றாட வேலைகள். காணி தருகிறோம் என்று காட்டும் நிலம் பத்து வருடத்தில் நகருமா நகராதா என்று யாராவது பார்க்கவேண்டும் அல்லவா?

ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் வானமே எல்லை. இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில், புவியீர்ப்பு குறைவாக இருப்பதால் கடல்மட்டம் ஏறத்தாழ 100 மீற்றர் தாழ்ந்து கிடக்கும் ஒரு பெரும் பகுதி இருக்கிறது. உலகத்திலேயே இதுதான் பெரியது. பெங்களூரு இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் இருவர் 2023-ல் அதற்கு ஒரு விளக்கம் வெளியிட்டார்கள். நம் வீட்டு வாசலில் இருக்கும் புதிர் அது.

எங்கே படிக்கலாம்?

பொதுவாக இரண்டு வழி. ஒன்று, பௌதிகவியல் பட்டம் எடுத்துவிட்டு முதுமாணியில் இந்தப் பக்கம் திரும்புவது. பேராதனையில் விஞ்ஞானப் பட்டப்பின் நிறுவகம் இருக்கிறது. வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கும் பௌதிகவியல் பட்டம் நல்ல அடித்தளம். மற்றது, புவிச்சரிதவியலின் உள்ளே இதைப் படிப்பது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது. மொரட்டுவையில் புவிவளப் பொறியியல் துறை, பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கனிய வளங்கள் சார்ந்த பட்டம். பெலிஹுல்ஓயாவில் சபரகமுவ பல்கலைக்கழகத்தின் நில அளவைப் பட்டமும் இதற்கு நெருங்கியது.

என்னைக் கேட்டால், கணக்கில் பயமில்லாதவர் பௌதிகவியல் வழியே வரட்டும். பாறையைப் பிறகு படித்துக்கொள்ளலாம். கணிதத்தைப் பிறகு படிப்பது கஷ்டம்.

உயிரியல் பிரிவில் இருக்கிறேன். வழி அடைபட்டதா?

இல்லை. உங்களுக்கும் பௌதிகவியல் ஒரு பாடம்தானே. புவிச்சரிதவியல் பக்கமாக வரலாம். கணிதத்தை மட்டும் கைவிடாதீர்கள்.

நம் பாடசாலைப் புள்ளிக்குப் பல்கலைக்கழகம் கிடைக்குமா?

விஞ்ஞானப் பிரிவு இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 சதவீதம் மாவட்டங்களுக்கு. 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு, அதில் நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் இருக்கின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை. உயர்தரத்துக்குக் கொழும்புக்கோ வேறு நகரத்துக்கோ மாறும் முன்னால், சேர்க்கைக் கையேட்டில் மாவட்டம் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்ற பகுதியை வாசியுங்கள். அவசரப்பட்டு மாறி, பிறகு வருந்தியவர்களைக் கண்டிருக்கிறேன்.

எல்லோரும் மருத்துவம், பொறியியல் என்று ஓடுகிறார்கள். அது கைநழுவினால் பிள்ளை தோற்றுவிட்டதாக வீட்டில் அழுகிறார்கள். பௌதிக விஞ்ஞானத்துக்கான இசட் புள்ளி அவற்றைவிடக் குறைவாகவே இருக்கும். அதைப் பரிசாகக் கிடைத்த வாசலாகப் பாருங்கள் என்று பெற்றோரை வேண்டிக் கேட்கிறேன்.

எங்கள் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானம் இல்லை. பௌதிகவியல் ஆசிரியரும் இல்லை.

மலையகத்தின் பெரிய குறை இது. தோட்டப் பாடசாலைகள் பிந்தித்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தன, பல இடங்களில் இன்னும் சாதாரண தரத்தோடு நின்றுவிடுகின்றன. விடியற்காலை பஸ் பிடித்து நகரத்துக்குப் போகிற பிள்ளைக்குப் பாதித் தெம்பு வழியிலேயே போய்விடுகிறது. இதற்கு என்னிடம் மந்திரம் இல்லை. நான் செய்தது, முந்தின வருடம் எழுதிய ஓர் அண்ணனின் கொப்பிகளை முழுவதும் பார்த்து எழுதியது, கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்தது. இப்போது கைபேசியில் தமிழிலேயே பாடங்கள் கிடைக்கின்றன. பல்கலைக்கழகம் போன ஒவ்வொருவரும் விடுமுறைக்கு வரும்போது தன் தோட்டத்தில் இரண்டு பிள்ளைகளுக்காவது பௌதிகவியல் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று நினைக்கிறேன். எனக்கு அப்படித்தான் வந்தது.

இங்கிலீஷ் வராது, சிங்களமும் அரைகுறை. சமாளிக்கலாமா?

பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் இங்கிலீஷில்தான். முதல் ஆறு மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரித்தான் இருக்கும். ஆனால் சமன்பாட்டுக்கு மொழி ஒன்றுதான். பலகையில் எழுதியதைப் பார்த்து விரிவுரையாளர் என்ன சொன்னார் என்று ஊகித்தே நான் முதல் தவணையைக் கடந்தேன். சிங்களம் களத்தில் தேவை, பழகினால் வந்துவிடும்.

நம் தமிழ் இந்த வேலையில் ஒரு பலம் என்பதையும் மறக்காதீர்கள். எச்சரிக்கை தமிழில் பிந்தி வந்த இரவுகளை நாம் கண்டிருக்கிறோம். மஞ்சள் என்றால் கவனமாயிரு, செம்மஞ்சள் என்றால் தயாராயிரு, சிவப்பு என்றால் உடனே வெளியேறு. இதை நம் சனத்துக்குப் புரிகிற மாதிரி நேரத்தோடு எழுதவும், ஒலிபெருக்கியில் சொல்லவும் தமிழ் தெரிந்த துறைசார் ஆள் வேண்டும்.

பொம்பளைப் பிள்ளை மலை ஏறிக் கம்பி இழுக்க முடியுமா?

ஹட்டனில் ஒரு தகப்பன் கேட்டார். நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: "அண்ணே, உங்கள் வீட்டில் தினமும் மலை ஏறுவது யார்?" பக்கத்தில் இருந்த அவர் மனைவி சிரித்துவிட்டார். கூடை நிறையக் கொழுந்தோடு மழையில் அந்தச் சரிவில் நிற்பவர்கள் பெண்கள்தானே.

பூமியின் நடுவே தனியாக ஓர் உட்கரு இருப்பதை 1936-ல் கண்டுபிடித்தவர் இங்கெ லேமன் (Inge Lehmann) என்ற டென்மார்க் நாட்டுப் பெண். தொலைதூர அதிர்வுப் பதிவுகளில், வரக்கூடாத இடத்தில் வந்த அலைகளை வைத்தே அதைச் சொன்னார். அமெரிக்காவில் மேரி தார்ப் கடலடி மலைத்தொடர்களை வரைந்த காலத்தில் பெண்களை ஆய்வுக் கப்பலில் ஏற்றுவதில்லை. மற்றவர்கள் கொண்டுவந்த எண்களைக் கரையில் உட்கார்ந்து வரைந்து, கடலுக்கடியே ஓடும் பிளவுப் பள்ளத்தைக் கண்டார்.

பெற்றோரின் கவலை வெறும் கவலை என்று நான் தள்ளிவிட மாட்டேன். களத்தில் தங்குமிடம், கழிப்பறை, இரவுப் பயணம் எல்லாம் உண்மையான பிரச்சினைகள். வேலைக்குச் சேரும்போது வெட்கப்படாமல் அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம்மைப் போன்றவர்கள் யாராவது இந்தத் துறையில் வந்திருக்கிறார்களா?

இலங்கையின் கனிய அளவைக்கு, அதாவது இன்றைய புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் மூதாதைக்கு, முதல் பணிப்பாளராக இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை பற்றி எழுதியவர் என்றே நமக்குத் தெரியும். 1904-ல் தோரியனைற் என்ற கனிமத்தைக் கண்டறிந்ததும் அவர்தான். தமிழ்த் தந்தையின் மகன். ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளை, நம் கதை வேறு.

நம் கதைக்கு நெருங்கியவர் ஓர் அமெரிக்கக் கறுப்பினத்தவர், வேவர்லி பெர்சன். 1962-ல் நில அதிர்வுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனாகச் சேர்ந்தார். வேலை செய்துகொண்டே படித்தார். 1977-ல் அந்த நாட்டின் தேசிய நில அதிர்வுத் தகவல் மையத்தின் பொறுப்பே அவர் கைக்கு வந்தது. உலகில் எங்கே பூமி அதிர்ந்தாலும் தொலைக்காட்சியில் விளக்கம் சொன்னவர் பல வருடங்கள் அவர்தான். 1981-ல் கறுப்பினப் புவிவிஞ்ஞானிகள் ஹூஸ்டனில் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்து, தங்கள் மாணவர்களுக்கு உதவிப்பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். மலையகத்திலும் அப்படி ஒன்று வேண்டும். இருபது பேர் சேர்ந்தாலே தொடங்கிவிடலாம்.

வேலை கிடைக்குமா?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், சுரங்கப் பணியகம், நீர்வளச் சபை, நீர் வழங்கல் சபை, பொறியியல் ஆலோசனை நிறுவனங்கள், குழாய்க்கிணறு தோண்டும் கம்பனிகள். அரச நியமனம் இழுபடும், அதை மறைக்கமாட்டேன். கனிமம், எண்ணெய், கட்டுமானம் என்று வெளிநாட்டிலும் இந்தத் திறமைக்குக் கேள்வி இருக்கிறது. தரவுகளைக் கணினியில் கையாளப் பழகியவர் வேறு துறைக்கும் மாறிக்கொள்ளலாம்.

செலவைப் பற்றியும் கேட்கிறார்கள். அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. மகாபொல புலமைப்பரிசில், உதவிப்பணம் இரண்டுக்கும் விண்ணப்பிக்கத் தவறாதீர்கள்.

ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் ஓர் ஆசிரியர் என்ன செய்யலாம்?

ஒரு பிளாஸ்டிக் பேசின் நிறைய ஈர மணல், நான்கு ஆணி, ஒன்பது வோல்ட் பெற்றறி, இரண்டு பல்மானி. ஆணிகளைச் சம இடைவெளியில் குத்தி மேலே சொன்ன மாதிரி அளக்கச் சொல்லுங்கள். நேரோட்டத்தில் ஆணிகளில் முனைவாக்கம் ஏற்பட்டு எண் நழுவும், பெற்றறியை மாற்றிப் போட்டு இரண்டு அளவின் சராசரியை எடுக்கவேண்டும். பிறகு பிள்ளைகளுக்குத் தெரியாமல் ஒரு கருங்கல்லைப் புதைத்துவிட்டு எங்கே என்று கேளுங்கள். பேசின் சிறியது என்பதால் சூத்திரம் அப்படியே பொருந்தாது, ஆனால் கல் இருக்கும் இடத்தில் எண் ஏறுவது தெரியும். கல்லைத் தோண்டி எடுக்கும்போது அந்த வகுப்பு போடுகிற சத்தத்தைக் கேட்கவேண்டும்.

கைபேசி இருந்தால் ஃபைபாக்ஸ் (phyphox) என்ற இலவசச் செயலி போதும். தரையில் குதித்தால் ஆர்முடுகல் மானி எழுதும் கோட்டைப் பார்த்தே அதிர்வுப் பாடம் நடத்தலாம்.

நான் இன்றைக்கே தொடங்க என்ன இருக்கிறது?

நேரான சுவருள்ள ஒரு பால்மா டின், ஓர் அடிமட்டம். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் டின்னை வையுங்கள். தினமும் காலை 8.30-க்குத் தண்ணீரின் உயரத்தை மில்லிமீற்றரில் அளந்து, கொப்பியில் எழுதிவிட்டுக் கொட்டுங்கள். வாய் அகலமான டின்னாக இருந்தாலும் ஒடுங்கிய டின்னாக இருந்தாலும் உயரம் ஒன்றாகவே வரும், ஏன் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் இன்னொரு நிரல் போட்டு, பீலித் தண்ணீர் தெளிவா கலங்கலா, கூடியதா குறைந்ததா என்றும் எழுதுங்கள்.

அளவு ஒரு நாளில் 75 மில்லிமீற்றரைத் தொட்டால் கவனம். 100 என்றால் வீட்டில் எல்லோரையும் தயாராக வைக்கவேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், அபாயச் சரிவில் இருக்கக்கூடாது. எண் எதுவாக இருந்தாலும், பீலி திடீரென்று கலங்கினாலோ நின்றுபோனாலோ, முற்றத்தில் புது வெடிப்பு தெரிந்தாலோ, யாரும் சொல்லும்வரை காத்திருக்காமல் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு இறங்குங்கள். பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகு கிராம சேவகருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117-க்கும் அழைத்துச் சொல்லுங்கள். கொப்பியையும் கையோடு கொண்டுவாருங்கள்.